ஏழு நாள் பேச்சின் ஐந்தொகை



வழக்கமாக இந்தப் பக்கத்தில் திருமறையின் ஒரு வசனத்தையோ, நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் ஒரு பொன்மொழியையோ எடுத்துக்கொண்டு, ஆலிம்கள் சொன்ன விளக்கத்தோடு நாலு வார்த்தை எழுதி முடிப்போம். இம்முறை அப்படிச் செய்ய மனம் வரவில்லை. நம் வாயினால் ஒரு தவறு நேர்ந்துவிட்டது. அதை மறைத்து வைத்துக்கொண்டு பிறருக்கு நஸீஹத்துச் சொல்ல நாக்குக் கூசுகிறது. ஆகையால், ஒரு வாரத்தில் யார் யாரோடு உட்கார்ந்தோம், என்ன பேசினோம், அதில் என்ன வந்தது, என்ன போயிற்று என்னும் கணக்கையே இங்கே எழுதுகிறோம். நீங்கள் வியாபாரிகள். கணக்குப் பார்க்க உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

காலையில் கடை திறந்தால் இரவு பத்து மணிக்குத்தான் சாத்துகிறோம். அதுவரை வாய் மூடுகிறதா? வெங்காய விலை, வாடகை, ஆள் கிடைக்காத கஷ்டம், வாங்கிப்போனவர் தவணை தவறியது என்று ஓயாமல் பேசுகிறோம். இவை வேண்டிய பேச்சுகள்தாம். ஹலாலான சம்பாத்தியத்துக்காகப் பேசுவதிலும் நிய்யத்துக்குத் தக்க கூலி உண்டு. நாம் சொல்ல வந்தது கடை சாத்திய பிறகு பேசும் பேச்சைப் பற்றி. இஷா தொழுதுவிட்டு நாலு பேராகச் சேர்ந்து தே தாரிக் குடிக்க உட்காருகிறோமே, அந்த மேசை நம்முடைய மஜ்லிஸ். அதற்கு ஆதபு உண்டு, அமானிதம் உண்டு. மஜ்லிஸில் பேசப்படுவது அமானிதம் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் வாக்கு. மனிதருடைய அந்தரங்கப் பேச்சுகளில் பெரும்பாலானவற்றில் நன்மை இல்லை. தருமத்தையோ நற்செயலையோ ஏவுவதும், பிணங்கியவர்களை இணக்குவதும் மட்டுமே விலக்கு என்பது திருமறையின் 4ஆவது அத்தியாயம் 114ஆவது வசனத்தின் கருத்து. பெரும்பாலானவை என்று இறைவனே சொல்லும்போது, நம் மேசை மட்டும் எப்படித் தப்பும்?

பேச்சே வேண்டாம், வாயைப் பூட்டிக்கொள்ளுங்கள் என்று நாம் சொல்லவில்லை. கூஃபா நகரத்துக் கடைவீதியில் ஓர் இளம் துணி வியாபாரி போய்க்கொண்டிருந்தார். இமாம் ஷஃபீ அவர்கள் அவரை அழைத்து, “யாரிடம் போய் வருகிறாய்?” என்று கேட்டார்கள். கடைத்தெருவில் இன்னாரிடம் என்று பதில் வந்தது. “நான் கேட்டது கடைத்தெருவை அல்ல; ஆலிம்களில் யாரிடம் போய் வருகிறாய்?” என்று மறுபடியும் கேட்டார்கள். அந்தக் கேள்வி இளைஞரின் நெஞ்சில் தைத்துவிட்டது. அவர்தாம் இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள். ஹிஜ்ரி 80இல் பிறந்து 150இல் மறைந்தவர்கள். பிற்காலத்திலும் அவர்கள் துணி வியாபாரத்தை விடவில்லை. வியாபாரமும் நடந்தது, மாணவர்களோடு விவாதிக்கும் மஜ்லிஸும் நடந்தது. தெருவில் நின்று பேசிய இரண்டு நிமிஷப் பேச்சு ஒரு மத்ஹபுக்கே வாசல் திறந்ததென்றால், பேச்சை அற்பமென்று யார் சொல்லுவார்?

நம் சொந்தச் சீமைக்கே வாருங்கள். 17ஆம் நூற்றாண்டில் கீழக்கரையில் வாழ்ந்த வள்ளல் சீதக்காதி கப்பல் வியாபாரிதானே? அவர் வீட்டுத் திண்ணையில் சரக்குப் பேச்சு மட்டுமா நடந்தது? புலவர்கள் வந்தார்கள், சதக்கத்துல்லாஹ் அப்பா போன்ற பெரியார்களின் சகவாசம் இருந்தது. உமறுப் புலவரின் சீறாப்புராணம் உருவானதற்கு அந்த வியாபாரியின் ஆதரவும் ஒரு காரணம். நாம் வாழும் கோலாலம்பூரும் பேச்சின் அருமை தெரிந்த நகரம்தான். 1966 ஏப்ரல் மாதத்தில் தனிநாயகம் அடிகளார் முன்னின்று நடத்திய முதல் உலகத் தமிழ் மாநாட்டுக்குப் பல தேசத்து அறிஞர்கள் இங்கே வந்து ஒரு வாரம் உட்கார்ந்து தமிழைப்பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள். நாமோ ஒரு வாரம் பேசினால் என்ன மிஞ்சுகிறது? அதைத்தான் எழுதிப் பார்த்தோம்.

இதற்குக் காரணம் ஓர் ஆலிம் ஸாஹிப். ஒரு வெள்ளிக்கிழமை மஸ்ஜித் இந்தியாவில் ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது, நெடுநாள் பழக்கமான அவர்கள் நம் தோளில் கைபோட்டு, “முதலாளி, கல்லாவில் ஐந்து காசு குறைந்தால் இரவெல்லாம் தேடுகிறீர்களே, இன்றைக்குப் பேசிய பேச்சில் எவ்வளவு குறைந்தது என்று என்றைக்காவது பார்த்ததுண்டா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுப் போனார்கள். அன்றிரவே ஒரு பழைய சிட்டைப் புத்தகத்தை எடுத்தோம். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் பற்று. ஏழு நாள் எழுதுவதென்று தீர்மானம்.

வெள்ளி, சனி இரண்டு நாள் பக்கங்களையும் உங்களுக்குக் காட்ட வெட்கமாயிருக்கிறது. வரவுப் பக்கத்தில், ஊரிலிருந்து வந்த ஒரு பையனுக்கு வேலை சொல்லிக்கொடுத்தது ஒன்று. மனைவியிடம் சமையல் நன்றாயிருந்தது என்று சொன்னது ஒன்று. (அவர்கள் ஆச்சரியப்பட்டு, உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று கேட்டார்கள். அதையும் எழுதிவைத்தோம்.) பற்றுப் பக்கம் நிரம்பி வழிந்தது. அதில் நம்மையே திடுக்கிட வைத்த விஷயம் ஒன்றுண்டு. நாம் பேசியவர்களில் பாதிப்பேர் அந்த இடத்தில் இல்லாதவர்கள்! இருப்பவரோடு பேசியதைவிட இல்லாதவரைப்பற்றிப் பேசியதே அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்குப் போனோம். அங்கே தெங்கு கிளானா சாலையை ஒட்டி மளிகைக்கடை வைத்திருக்கும் ஒரு சிநேகிதர் நமக்கு உண்டு. கீழக்கரைப் பக்கத்தவர், நம்மைவிட வயதில் மூத்தவர், காக்கா என்றே அழைப்போம். முப்பது வருஷப் பழக்கம். அவருக்கு மெர்போக் புறா வளர்ப்பதில் மோகம். “ஒரு ஞாயிற்றுக்கிழமை திடலுக்கு வாருங்கள், கேட்டுப்பாருங்கள்” என்று பல வருஷமாக அழைத்துக்கொண்டே இருந்தார். “வேலையற்ற வேலை, காக்கா” என்று நாம் சிரித்து ஒதுக்கிவிடுவோம். இந்த வாரம் பேச்சுக் கணக்கு வாரமாயிற்றே, வியாபாரமில்லாத ஒரு பேச்சைக் கேட்டு வருவோம் என்று சொல்லாமலே புறப்பட்டோம்.

அந்தத் திடலைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்ல வேண்டும். வரிசையாக உயரமான கம்பங்கள். ஒவ்வொன்றின் உச்சிக்கும் கயிற்றால் ஒரு கூண்டை ஏற்றிவிடுகிறார்கள். கூண்டுக்குள்ளே கையளவு சாம்பல் நிறப் புறா. கீழே மலாய்க்காரர், சீனர், நம்மவர் என்று எல்லாரும் கழுத்தை அண்ணாந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். புறா கூவுகிறது. கூவலின் தொடக்கம் எப்படி, நடு எப்படி, முடிவு எப்படி என்று தனித்தனியே காதில் நிறுத்தி எடை போடுகிறார்கள். நமக்கோ எல்லாம் ஒரே சத்தமாகத்தான் கேட்டது. ஆனால் ஒன்றைக் கண்டோம். அத்தனை பேரும் கேட்பதற்காக வந்தவர்கள். பேசுவதற்காகவே கூடும் நம் மேசையில் யார் இப்படிக் காது கொடுக்கிறார்கள்?

காக்காவை எங்கும் காணவில்லை.

ஒரு மலாய்ப் பெரியவரிடம் விசாரித்தோம். அவர் தலையை ஆட்டிக்கொண்டு, “அவர் மூன்று வாரமாக வருவதில்லை. கடைக்குச் சரக்குக் கொடுக்கிறவர்கள் நிறுத்திவிட்டார்களாம். மனிதர் நொடித்துப்போனார், பறவைக் கூண்டே கதியென்று கிடந்து கடையைக் கெடுத்துக்கொண்டார் என்று பிரிக்ஃபீல்ட்ஸில் யாரோ சொன்னார்களாம். அது கேட்டு அவருக்குக் கூண்டைத் தொடவே பிடிக்கவில்லை” என்றார்.

சகோதரர்களே, அந்த ‘யாரோ’ நாம்தான்.

மூன்று வாரத்துக்கு முன்னே பிரிக்ஃபீல்ட்ஸ் கடையொன்றில் இஷாவுக்குப் பிறகு நாங்கள் ஆறு பேர் உட்கார்ந்திருந்தோம். கிள்ளான் வியாபாரம் எப்படி என்று ஒருவர் கேட்டார். அந்த வாரம் காக்காவின் கடைவழியே போன ஞாபகத்தில் நாம் சொன்னது இதுதான்: “காக்கா கடையில் பாதி அலமாரி காலி. மனிதர் முன்போல இல்லை. குருவிக் கூண்டோடு உட்கார்ந்துவிட்டார்.” மூன்றே வாக்கியம். அதற்குள் ரொட்டி வந்தது. பேச்சு வேறு பக்கம் திரும்பியது. எழுந்திருக்கும்போது, வழக்கம்போல மஜ்லிஸின் கஃப்பாரா துஆவையும் ஓதிவிட்டுத்தான் எழுந்தோம்.

அலமாரி காலியாயிருந்ததற்குக் காரணம் பிறகு தெரிந்தது. கூரை ஒழுகி, மழைத் தண்ணீர் மூட்டைகளில் இறங்கியதால், சரக்கையெல்லாம் பின்னாலுள்ள அறைக்கு மாற்றிவிட்டுக் கூரையைப் பழுதுபார்த்திருக்கிறார். ‘காரணம் என்ன காக்கா?’ என்று வாசலில் நின்று ஒரு வார்த்தை நாம் கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. நம் மூன்று வாக்கியமும் கைத்தொலைபேசியில் ஏறிக் கிள்ளானுக்குப் போய்விட்டன. போகிற வழியில் ‘அலமாரி காலி’ என்பது ‘கடை காலி’ ஆகி, ‘முன்போல இல்லை’ என்பது ‘மஞ்சள் கடிதாசி கொடுக்கப்போகிறார்’ என்று ஆகிவிட்டது. முப்பது நாள் தவணைக்குச் சரக்குப் போட்டுவந்த மொத்த வியாபாரிகள் மூன்று பேர், ரொக்கம் வைத்தால்தான் மூட்டை இறங்கும் என்று சொல்லிவிட்டார்கள். வியாபாரிக்கு நாணயம் போனால் என்ன மிச்சம் என்று உங்களுக்கு விளக்க வேண்டுமா?

இல்லாத ஒருவரைப்பற்றி அவர் வெறுப்பதைச் சொல்வது கீபத் என்று நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். அவரிடம் உள்ளதைத்தானே சொல்கிறோம் என்றால்? உள்ளதைச் சொன்னால்தான் கீபத். இல்லாததைச் சொன்னால் அது புஹ்தான் என்னும் அவதூறு என்று பதில் அருளினார்கள். நம் வாக்கியங்களை இந்தத் தராசில் வைத்துப் பார்த்தோம். அலமாரி காலியென்றது உண்மை, ஆகவே கீபத். அதிலிருந்து கேட்பவர் என்ன நினைத்துக்கொள்வார் என்று தெரிந்தே விட்டது பொய், ஆகவே புஹ்தான். ஒரே மூச்சில் இரண்டையும் செய்துவிட்டோம்.

அந்தத் திடலில் நிற்கும்போது இன்னொரு நினைவும் வந்து வாட்டியது. மதீனாவில் அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூஉமைர் என்ற சிறு பிள்ளை ஒரு சின்னக் குருவி வளர்த்தது. அதன் பேர் நுகைர். குருவி செத்துப்போயிற்று. அந்த வீட்டுக்கு வந்த நாயகம் (ஸல்) அவர்கள் பிள்ளையின் முகவாட்டத்தைக் கண்டு, ‘அபூஉமைரே, உன் நுகைர் என்ன செய்தது?’ என்ற கருத்தில் எதுகையாகக் கேட்டு, அப்பிள்ளையிடம் பேச்சுக் கொடுத்தார்கள். அகில உலகுக்கும் தூதராக வந்தவர்கள்; அவர்களுக்கு எத்தனை வேலை! ஆயினும் ஒரு குழந்தையின் குருவியைப்பற்றி விசாரிக்க நேரம் இருந்தது. ஷாஃபியீ மத்ஹபு அறிஞரான இப்னுல் காஸ் (ரஹ்) அவர்கள், ஹிஜ்ரி 335இல் மறைந்தவர்கள், இந்தச் சிறு சம்பவத்திலிருந்து மட்டும் 60 பயன்களை எடுத்துத் தனி நூலே எழுதினார்கள். பறவை வளர்க்கலாம் என்பதும், பிள்ளைகளோடு விளையாட்டாகப் பேசலாம் என்பதும் அதிலிருந்து அறிஞர்கள் எடுத்த சட்டங்களில் சேரும். தீனி வைத்துத் தண்ணீர் காட்டிக் காப்பாற்றவேண்டிய கடமையும் அதனுடன் உண்டு. பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணின் கதியை யாரும் மறக்கலாகாது.

முப்பது வருஷத்தில் நாம் ஒரு தடவையாவது காக்காவிடம், ‘உங்கள் புறா எப்படியிருக்கிறது?’ என்று கேட்டோமா? இல்லை. ஆனால் அவர் முதுகுக்குப் பின்னே அதே புறாவைக் கொண்டு அவரைக் குத்தினோம். சிநேகிதன் ஆசையாக வளர்க்கும் பொருளைப்பற்றிக் கேட்பது ஸுன்னத்து வழி. அதையே குறையாக்கிப் பேசியது நம் வழியாயிற்று!

திங்கட்கிழமை ஆலிம் ஸாஹிபிடம் ஓடினோம். நடந்ததைச் சொல்லி, “கஃப்பாரா துஆவை அப்போதே ஓதிவிட்டோமே, ஹஜ்ரத்” என்றோம். அவர்கள் கொஞ்சநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “முதலாளி, ஒருவனிடம் பத்தாயிரம் வெள்ளி கடன் வாங்கினவன், பத்தாயிரம் இஸ்திக்ஃபார் ஓதினால் கடன் தீருமா?” என்று கேட்டார்கள். “வீண் பேச்சில் அல்லாஹ்வின் ஹக்கில் நேர்ந்த குறைக்கு அந்த துஆ. அடியானுடைய ஹக்கு அடியானிடம்தான் தீரும். நீங்கள் காக்காவைத்தானே திவால் என்று சொன்னீர்கள்? முஃப்லிஸ் யார் என்ற ஹதீஸ் தெரியுமல்லவா?”

தெரியும். அதுவரை எத்தனையோ தடவை கேட்ட ஹதீஸ்தான். நாயகம் (ஸல்) அவர்கள் ஸஹாபாக்களிடம், முஃப்லிஸ், அதாவது திவாலானவன், யார் தெரியுமா என்று கேட்டார்கள். காசும் சரக்கும் இல்லாதவன் என்று நம்மைப்போலவே அவர்களும் சொன்னார்கள். தம் உம்மத்தில் முஃப்லிஸ் யாரென்றால், கியாமத்து நாளில் தொழுகையும் நோன்பும் ஜகாத்தும் ஏராளமாகக் கொண்டு வருவான். ஆனால் ஒருவனை ஏசியிருப்பான், ஒருவன்மீது அவதூறு சொல்லியிருப்பான், ஒருவன் பொருளைத் தின்றிருப்பான். அவனுடைய நன்மைகளெல்லாம் அவர்களுக்குப் பங்கிடப்படும். நன்மை தீர்ந்துபோனால் அவர்கள் பாவங்கள் இவன் தலையில் ஏற்றப்படும். இவன் நரகில் எறியப்படுவான் என்று விளக்கினார்கள். முஸ்லிம் ஷரீபில் வரும் செய்தி. வியாபாரத்தை உவமையாகக் கொண்ட ஹதீஸ்கள் பல உண்டு. இதைப்போல நம் கல்லாப்பெட்டியிலேயே கைவைக்கும் ஹதீஸ் வேறில்லை. கிள்ளானில் ஒருவர் கடை திவால் என்று பேச்சுக் கிளப்பிய அந்த இரவில், உண்மையில் யார் கடை சாத்தப்பட்டது?

ஆலிம் ஸாஹிப் மூன்று வேலை சொன்னார்கள். எந்த மேசையில் சொன்னோமோ அந்த மேசையிலேயே திருப்பிச் சொல்ல வேண்டும். காக்காவின் முகத்தைப் பார்த்து மாஃப் கேட்க வேண்டும். மூன்றாவதைச் சொல்லுமுன் அவர்கள், “அவருக்கு நஷ்டம் எவ்வளவு?” என்று கேட்டார்கள். நாம் விழித்தோம். “அதையும் விசாரியுங்கள். வார்த்தையால் போன நாணயத்தை வார்த்தையால் மட்டும் மீட்க முடியாது. உங்கள் பேரை வையுங்கள்” என்றார்கள்.

செவ்வாய்க்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸ் மேசை. அன்றிருந்த ஐவரில் மூவர்தாம் கிடைத்தார்கள். ஒருவர் ஊருக்குப் போய்விட்டார். மூவரிடமும், நாம் சொன்னது தவறு, காரணம் கூரை, காக்காவின் வியாபாரம் நன்றாகவே இருந்தது என்று சொன்னோம். ஒருவர் பெருந்தன்மையோடு, “நான் யாரிடமும் சொல்லவில்லை” என்றார். கொஞ்சம் பொறுத்து, “என் மருமகனிடம் மட்டும் சொன்னேன்” என்றார். மருமகன் கிள்ளானில் சரக்கு லாரி நடத்துகிறவர்! இதில் ஒரு வேடிக்கையைக் கவனித்தோம். கெட்ட செய்தியைச் சொன்ன அன்று எல்லாரும் முன்னே சாய்ந்து கேட்டார்கள். அது பொய் என்று சொன்னபோது, “அப்படியா, சரி” என்று தே தாரிக்கை உறிஞ்சினார்கள். பொய்க்கு இருக்கும் வேகம் அதன் மறுப்புக்கு இல்லை. ஆகவே ஒருமுறை சொன்னதை மூன்று முறை மறுக்க வேண்டியிருக்கிறது.

ஐந்தாமவர் பிரிக்ஃபீல்ட்ஸிலேயே பிறந்து வளர்ந்து ரயில்வேயில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஓர் இந்துப் பெரியவர். பழைய நாணயம் சேகரிப்பது அவருடைய பொழுதுபோக்கு. புதன்கிழமை மாலைகளில் அவர் வீட்டில் நாலைந்து பேர் கூடி நாணயங்களைப் பரப்பி வைத்துப் பேசுவது வழக்கம். அங்கே போனோம். மேசைமேல் இரண்டு நீரிணைக் குடியேற்ற வெள்ளி நாணயங்கள். ஒன்று 1903ஆம் வருஷத்தது, மற்றது 1907. இரண்டிலும் ஒரு டாலர் என்றே இருக்கிறது. ஆனால் பின்னது அளவில் சிறியது. எடையும் சுமார் 27 கிராமிலிருந்து 20 கிராமுக்குக் குறைந்துவிட்டது. “பேரைப் பார்த்து நம்பக்கூடாது, பாய். எடுத்து நிறுத்துப் பார்க்கணும்” என்று ஒரு சின்னத் தராசைக் காட்டினார்.

நாம் வந்த காரியத்தைச் சொன்னோம். பெரியவர் சிரித்தார். “எனக்கு அன்றைக்கே தெரியும். வீட்டுக்கு வந்ததும் அவருக்கே போன் போட்டுக் கேட்டுவிட்டேன். கூரை ஒழுகுது என்றார். அதோடு நான் விட்டுவிட்டேன்” என்றார்.

செய்தி வந்தால் தீர விசாரியுங்கள், அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பிறகு வருந்தாதீர்கள் என்ற கட்டளை திருமறையின் 49ஆவது அத்தியாயத்தில் 6ஆவது வசனமாக நமக்கு இறங்கியது. அதை ஓதுகிற நாம் விசாரிக்கவில்லை. ஓதாத அந்தப் பெரியவர் விசாரித்தார். அன்று வரவுப் பக்கத்தில் அவர் பேரைத்தான் எழுதினோம். “எங்களிடம் ஏன் சொல்லவில்லை, ஐயா?” என்று கேட்டதற்கு, “நீங்கள் சொந்தக்காரர் மாதிரி பழகுகிறவர்கள். உங்களுக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்தேன்” என்றார். பதில் சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

வியாழக்கிழமை லுஹர் தொழுதுவிட்டுக் கிள்ளான் ரயில் ஏறினோம். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையில் புக்கிட் கூடா வரைக்கும் 1886இல் தண்டவாளம் போட்டார்கள். அதற்குமுன் ஆற்றிலும் மாட்டுவண்டியிலும் சரக்கு வந்த பாதை. இன்று ரயிலில் ஏறினால் கிள்ளானுக்குக் குளிர்ச்சியாக உட்கார்ந்து போகலாம். ஆனால் அன்று அந்தப் பெட்டியில் நமக்கு வேர்த்தது.

முதலில் மொத்த வியாபாரிகளைப் பார்த்தோம். ஒருவர் விஷயத்தைக் கேட்டதும் வெட்கப்பட்டு, நாளையே சரக்கு இறக்குகிறேன் என்றார். இன்னொருவர், “உங்கள் பேச்சைக் கேட்டு நிறுத்தினேன், உங்கள் பேச்சைக் கேட்டே கொடுக்க வேண்டுமா? ஜாமீன் போடுவீர்களா?” என்று கேட்டார். அடுத்த இரண்டு தவணைக்கு நாம் ஜாமீன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம். மூன்றாமவர் மசியவில்லை. ரொக்கம்தான் என்று முடித்துவிட்டார்.

அஸருக்குப் பிறகு காக்காவின் கடைக்குள் நுழைந்தோம். கூரை புதிதாக இருந்தது. அலமாரி உண்மையிலேயே பாதி காலி. இப்போது நம் வார்த்தை மெய்யாகிவிட்டது! நாம் ஸலாம் சொல்லி, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னோம். அந்த மூன்று வாக்கியத்தையும் எழுத்துக்கு எழுத்து திருப்பிச் சொன்னோம். அதுதான் மிகவும் கஷ்டமாயிருந்தது. மேசையில் எவ்வளவு லேசாக வந்த வாக்கியங்கள்! அவர் முகத்துக்கு நேரே சொல்லும்போது ஒவ்வொன்றும் ஒரு மூட்டை கனம் கனத்தது.

“யார் வாயிலிருந்து வந்தது என்று முதல் வாரமே தெரியும்” என்றார் காக்கா.

“பின் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை?”

“கேட்டு, நீங்கள் இல்லை என்று சொல்லிவிட்டால்? முப்பது வருஷம் போயிருக்குமே. அதனால் கேட்கவில்லை.”

மாஃப் கேட்டோம். “அல்லாஹ்வுக்காக மாஃப் செய்தேன்” என்றார். உடனே, “ஆனால் மனசு சரியாக நாளாகும், தம்பி. அதையும் சொல்லிவிடுகிறேன்” என்றார். நஷ்டம் எவ்வளவு என்று கேட்டபோது கணக்கைக் காட்ட மறுத்துவிட்டார். அது நம் பற்றுப் பக்கத்தில் தொகை எழுதாமல் அப்படியே நிற்கிறது.

பேச்சில்லாமல் கொஞ்சநேரம் இருந்தோம். பிறகுதான் கேட்டோம்: “காக்கா, புறா எப்படியிருக்கிறது?”

அவர் நம்மை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். உள்ளே போய், துணி போர்த்திய கூண்டொன்றை எடுத்து வந்தார். மூன்று வாரமாக வெயில் காட்டவில்லையாம். அது கூவவும் இல்லையாம். தினையும் தண்ணீரும் மட்டும் தவறாமல் வைத்திருக்கிறார். முட்டையிலிருந்து அதை வளர்த்த கதையையும், தொடக்கச் சத்தம் நீளமாயிருந்தால் என்ன, முடிவுச் சத்தம் ஆழமாயிருந்தால் என்ன என்பதையும், திடலில் அதைக் கேட்க மலாய்ப் பெரியவர் காலையிலேயே வந்து காத்திருப்பதையும் மஃரிபு பாங்கு வரைக்கும் சொன்னார். நாம் குறுக்கே பேசவில்லை. முப்பது வருஷத்தில் அவர் நம்மிடம் இவ்வளவு நேரம் பேசியது அதுவே முதல் தடவை.

இதுவரை சொன்னதே அந்த ஏழு நாள் ஐந்தொகை. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை கிள்ளான் திடலுக்குக் காக்காவோடு நாமும் போகிறோம். ஆசையுள்ளவர்கள் உடன் வரலாம். திங்கட்கிழமை அந்த மூன்றாவது மொத்த வியாபாரியை மறுபடியும் பார்க்கப் போகிறோம். நம் ஒருவருடைய ஜாமீன் அவருக்குப் போதாதாம். அவரோடு கொடுக்கல் வாங்கல் உள்ள சகோதரர்கள் யாராவது இரண்டாவது கையெழுத்துக்கு முன்வந்தால், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மஸ்ஜித் இந்தியா வாசலில் நம்மைக் காணலாம்.

வஸ்ஸலாம்.